நாடித் திண்டு

பாளையங்கோட்டை பவளமல்லி அடுக்ககத்தில் எந்தச் செய்தியும் இரண்டாவது மாடிப் படித்திருப்பத்தில்தான் பிறக்கும். நாலாவது மாடி ரோஷிணி அங்கேதான் நிற்பாள்.

லிப்ட் பழுதாகி வெகுகாலம் ஆகிவிட்டது. கீழ் வீட்டுக்காரர்களுக்கு அதைச் சரிசெய்ய மனமில்லை, மேல் வீட்டுக்காரர்களுக்கு ஒற்றுமையில்லை. ஆகவே எல்லாரும் நடந்தார்கள். மற்றவர்கள் படியேறினால் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ரோஷிணி இரண்டாவது மாடித் திருப்பத்தில் பையைக் கீழே வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். ஒரு பெண்பிள்ளை காரணமில்லாமல் படியில் நின்றால் நன்றாகவா இருக்கும்? ஆகவே பேசுவாள். "சும்மா காத்து வாங்குதேன்" என்பாள். வாங்கிய காற்றுக்குப் பதிலாகச் செய்தி கொடுப்பாள். இரண்டு பக்கக் கதவும் திறக்கும். மூன்றாவது மாடியில் இன்னொரு நிறுத்தம். நாலாவது மாடிக்குப் போய்ச் சேரும்போது அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரியாதது என்று மிச்சம் இருந்தால் அது அவள் உடம்பைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எந்தச் செய்தியையும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாள். "ஒரு விசயம். என் வாயால வந்துச்சுன்னு சொல்லிராத." வேறு யார் வாயால் வரும்?

ரோஷிணி, மோனிஷா, ஹாசினி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் நவநாகரிகமாகத் திரிந்த பெண்கள் எல்லாம் இப்போது அத்தைகளாகி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் நிறைமதி, இளம்பரிதி, ஆதிரை என்று வைத்திருந்தார்கள். பெயரில் தமிழ் வந்துவிட்டது. கல்யாணம் பேசுகிற புத்தியில் மட்டும் ஒரு மாற்றமும் வரவில்லை. அதற்கு உதவியாக ஒரு திண்டு வந்திருந்தது.

மூன்றாவது மாடி மோனிஷாவின் மகள் நிறைமதிக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த தரகர் செல்வகணபதிதான் அந்தத் திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சோபாத் திண்டு. பார்த்தால் யாரும் இரண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள்.

"இதுக்கு நாடித் திண்டுன்னு பேரு. ஆஸ்பத்திரியில படுக்க வச்சு, நெஞ்சுல பசையத் தடவி, கருவிய அழுத்திப் பாக்கான்லா, அத இது உக்காந்த எடத்துலயே பாத்துரும்" என்றார். "ஒரு காப்பி குடிக்க நேரம் ஆளு அசையாம இருந்தாப் போதும். இதயச் சுவரு எத்தனை தடிமன், ரத்தம் எங்க தட்டுது, எல்லாம் போனுக்கு வந்துரும்."

"இது சட்டப்படி தப்பில்லையா அண்ணாச்சி?" என்றாள் மோனிஷா.

"தப்புதான். அதனாலதான ஒறையில பூப்போட்டிருக்கான்."

சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் ஊரில் மதிப்பிழந்துபோன வியாதிகள். தடித்த இதயம்தான் இப்போது கௌரவமான பயம். கட்டுமஸ்தாக இருக்கிற பையன், பந்து விளையாடும்போது பொத்தென்று விழுந்துவிடுவான், பார்த்தால் உள்ளே இதயத்தின் சதை இருமடங்கு தடித்திருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பயந்துகொண்டார்கள். தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் என்று தெரிந்ததும் அதற்குத் தனி மரியாதையே வந்துவிட்டது. வம்சம் பார்க்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்த ஊருக்கு விஞ்ஞானமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விடுவார்களா?

பெண் பார்க்கப் போகிற வீட்டில் சோபாவைக் கண்டால் மாப்பிள்ளைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். சில வீடுகளில் பெண் வீட்டார் ஒரு திண்டு வைக்க, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கென்று ஒரு திண்டைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பக்கமும் வைத்தது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். தெரியாத மாதிரி கேசரியைப் புகழ்ந்துகொண்டார்கள். இதற்குப் பெயர் பண்பாடு.

மோனிஷா திண்டைப் பற்றிப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. திருமலைக்கு ரகசியம் தங்காது. மகளிடம் சொல்லவே இல்லை. காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், சட்டம் பேசும். கூடத்தில் ஒற்றை சோபா ஒன்று தனியாகக் கிடந்தது. மாப்பிள்ளைக்கு என்று அதை ஒதுக்கி, திண்டைப் போட்டு, கையால் தட்டிச் சமன் செய்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

பெண் பார்க்கும் அந்தக் கூட்டத்துக்கு ரோஷிணியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போவது மரியாதை இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் மோனிஷாவின் தூக்குவாளி ஒன்று அவள் வீட்டில் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருப்பது அதைவிட மரியாதைக் குறைவு. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. காலையிலேயே பயறும் வெல்லமும் உருட்டி முந்திரிக்கொத்து பொரித்து வாளியை நிரப்பினாள். மாப்பிள்ளை வீட்டார் வந்த கார் எது, எத்தனை பேர் என்று பார்க்க முதலில் கீழே இறங்கினாள். பார்த்துவிட்டு மூன்று மாடி ஏறி, மோனிஷா வீட்டு வாசலில் வந்து நின்றபோது மூச்சு இரைத்தது.

உள்ளே நீள சோபா நிறைந்திருந்தது. ஒற்றை சோபாவில் மாப்பிள்ளை இளம்பரிதி அப்போதுதான் உட்கார்ந்திருந்தான். மாநகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவன், அகலமான தோள், வெட்கப்பட்ட முகம். வாசலில் ஒரு அம்மா வாளியும் கையுமாக இரைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தான்.

"நீங்க உக்காருங்க அத்தை" என்றான்.

செல்வகணபதி பால்கனியில் யாருடனோ போனில் இருந்தார். மோனிஷா அடுக்களையில் கேசரிக்கு முந்திரி வைத்துக்கொண்டிருந்தாள். திருமலை, பையனுடைய பணிவைப் பார்த்துப் பூரித்து, சாப்பாட்டு மேஜையிலிருந்து அவனுக்கு ஒரு மர நாற்காலியை இழுத்துப் போட்டார். ரோஷிணி ஒற்றை சோபாவில் அமர்ந்தாள். பொதுவாக ஒட்டுக்கேட்பவர்கள் அசைய மாட்டார்கள். காப்பி வந்து, குடித்து, பேச்சு முடிகிறவரை அவள் கோயில் சிலை மாதிரி இருந்தாள். திண்டுக்கு அப்படிப்பட்ட ஆள் அதுவரை வாய்த்திருக்காது. திண்டு வைத்தது முகத்தில் தெரிந்துவிடும் என்று அடுக்களையிலேயே நின்ற மோனிஷாவும், போனை விடாத தரகரும் கூடத்துக்கு வந்தபோது எல்லாரும் எழுந்துவிட்டிருந்தார்கள்.

அன்று சாயந்திரம் செல்வகணபதி முகம் வெளுத்துப்போய் வந்து, மோனிஷாவைத் தனியே கூப்பிட்டுப் போனைக் காட்டினார். திண்டுக்கு ஆள் பெயர் தெரியாது. இருக்கையில் அமர்ந்தவர் என்று மட்டும் போட்டிருந்தது. இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் இருக்க வேண்டியதைப் போல இருமடங்கு தடிமன். ரத்தம் வெளியேறும் வாசலில் அடைப்பு. உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

மருத்துவரை யார் பார்த்தார்கள்? மோனிஷா, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள். ரோஷிணியிடம் உள்ளதைச் சொன்னாள்.

ரோஷிணியிடம் சொன்னாள் என்று எழுதிய பிறகு, ஊருக்குத் தெரிந்தது என்று தனியாக எழுத வேண்டியதில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, அந்த மாடி ஹாசினியிடம் அவள் அதைச் சொன்ன அழகே அழகு. "தோளப் பாத்தா தேக்கு மரம். உள்ள பாத்தா, ஐயோ. அதெல்லாம் ஒரு படி ஏறினா இரைக்குமாம்லா, நெஞ்சப் புடிக்குமாம்லா. பாவம், மறைச்சுக் கட்டி வைக்கப் பாத்திருக்காவ." தான் அந்தச் சோபாவில் உட்கார்ந்தது அவள் நினைப்பிலேயே இல்லை. அவளைப் பொறுத்தவரை அவள் வாளி கொடுக்கத்தான் போனாள்.

நீச்சல் குளத்தில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தண்ணீருக்குள் சொல்லிக்கொடுக்கிறவனே விழுந்துவிட்டால் பிள்ளையை யார் தூக்குவது என்று தாய்மார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பரிதி ஆஸ்பத்திரிக்குப் போய், முறையாகப் படுத்து, பசை தடவிப் பார்த்து, இதயம் சுத்தமாக இருக்கிறது என்று சான்று வாங்கிக் குளத்துச் சுவரில் ஒட்டினான். சான்றை ஒட்டியதுதான் அவன் செய்த தப்பு. ஒன்றுமில்லாதவன் எதற்கு ஒட்டுகிறான்? "காசு குடுத்தா கழுதைக்கும் நல்ல ரிப்போர்ட் குடுப்பான்" என்று ரோஷிணி படியிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். படிக்காத திண்டு பொய் சொல்லாது, படித்த டாக்டர் சொல்லுவார் என்று அடுக்ககமே ஏகமனதாக முடிவு கட்டியது. லிப்ட் விஷயத்தில் வராத ஒற்றுமை இதில் வந்தது.

அந்த வாரக் கடைசியில் நிறைமதி மாடியேறி வந்தாள். ரோஷிணி தனியாக இருந்தாள். புருஷன் சபரிராஜன் கடைக்குப் போயிருந்தார், மகள் ஆதிரை வேலைக்கு. நிறைமதி காப்பி வேண்டாம் என்றாள்.

"திண்டு விசயம் எனக்கு நேத்துத்தான் தெரியும் அத்தை. அம்மா வாய் தவறிச் சொல்லிட்டா."

"ஒங்க நல்லதுக்குத்தான் மக்கா வச்சிருக்கா."

"எங்கன வச்சாளாம்?"

"ஒத்தை சோபாவுல." சொல்லிவிட்டு ரோஷிணி நிறுத்தினாள்.

"நான் காப்பித் தட்டோட வரும்போது அவரு மர நாற்காலியில இருந்தாரு. ஒத்தை சோபாவுல நீங்க இருந்திய" என்றாள் நிறைமதி. "அவரு எந்திரிச்சு ஒங்களுக்கு எடம் குடுத்தாருன்னு அப்பா சொன்னாவ. எனக்கு அவர்ட்ட புடிச்சதே அதுதான். அதையே வச்சு அவர முடிச்சுட்டிய."

ரோஷிணிக்குச் சிரிப்பு வந்தது, அல்லது வந்த மாதிரி காட்டினாள். தனக்கு என்ன வியாதி, தான் கல்லு மாதிரி இருக்கிறேன், படியேறினால் யாருக்குத்தான் இரைக்காது, சாப்பிட்டதும் நெஞ்சை அடைப்பது வாயு, போன மாதம் கோயில் வரிசையில் கண்ணைக் கட்டியது விரதம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல, இரண்டாவது மாடியில் தன் வாயாலேயே ஹாசினிக்குச் சொன்ன அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்து எதிரில் உட்கார்ந்தன.

நிறைமதி எழுந்தாள். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் அத்தை. எனக்கு அந்த வேலை தெரியாது. நீங்க டாக்டரப் பாருங்க. அவரு பேர நீங்களே நேர் பண்ணுங்க."

அவள் போன பிறகு ரோஷிணி செய்த முதல் காரியம், கதவைப் பூட்டியது. இரண்டாவது காரியம், ஆதிரையின் கல்யாணப் பத்திரிகை மாதிரியை எடுத்துப் பார்த்தது. தூத்துக்குடிச் சம்பந்தம். தை மாதம் முகூர்த்தம். தாய்க்கு இருந்தால் மகளுக்குப் பாதிக்குப் பாதி என்று இந்த வாயால்தானே படியில் சொல்லியிருக்கிறாள். விஷயம் வெளியே போனால் கல்யாணம் நிற்கும். போகாவிட்டால், பெண்ணின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் கல்யாணம்தான் கனமாக இருந்தது. மனுசப் புத்தி அப்படித்தான்.

ஆனாலும் உயிர் வெல்லம். திருவனந்தபுரத்துக்குப் போனாள். அடுக்ககத்தில் பத்மநாபசாமி தரிசனம் என்று சொல்லிக்கொண்டாள். பெருமாள் படுத்திருந்தார், இவளையும் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள், அவ்வளவில் பொய் இல்லை.

டாக்டர் ஜெபஸ்டின் நாகர்கோவில்காரர். திண்டு சொன்னதை அவரிடம் மட்டும் மறைக்காமல் சொன்னாள். சுற்றிலும் இத்தனை கருவிகள் இருக்க, மனிதர் பழைய குழாயைக் காதில் மாட்டிக்கொண்டார். அவளைக் குத்தவைத்து உட்காரச் சொல்லிக் கேட்டார், எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார். மறுபடியும் உட்கார், மறுபடியும் எழு. பள்ளிக்கூடத் தண்டனை மாதிரி இருக்கிறதே என்று ரோஷிணிக்கு எரிச்சல்.

"உக்காந்தா சத்தம் அடங்குது, நின்னா இரையுது. இது அந்தத் தடிப்போட சத்தந்தான்" என்றார். பிறகு படுக்க வைத்துப் படமும் பார்த்தார். "திண்டு சொன்னது சரிதான்மா. ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்க சுவரு தடிச்சு, ரத்தம் வெளிய போற வாசல்ல புடைச்சுக்கிட்டு நிக்கி. போற வேகத்துல வால்வு இதழும் அதுமேல போயி ஒட்டிக்கிடுது. வாசல்ல ஆள் நின்னா உள்ள இருக்கவன் எப்படி வெளிய போவான்?"

வாசலில் நிற்பதைப் பற்றி அவரிடம் அவள் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. "நெஞ்சுல கொழுப்பா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"கொழுப்பு இல்ல, சதை. நீங்க தின்னதால வந்தது இல்ல, பெறப்புலயே எழுதுனது." அவர் சிரிக்கவில்லை. "திண்டு சொல்லாத ஒண்ணு இருக்கு. இதுக்கு வைத்தியம் உண்டு. இந்தத் திண்ட வச்சு எத்தனையோ கல்யாணத்த நிறுத்தியிருக்காவ. நிறுத்தினதுல ஒருத்தரக்கூட எங்கிட்டக் கூட்டிட்டு வரல. கண்டுபுடிச்சது ஒதுக்கி வைக்கத்தான்னு நெனச்சுட்டாவ."

முதலில் மாத்திரை. அதில் கொஞ்சம் அடங்கியது. ஆனால் இரண்டாவது மாடித் திருப்பம் அவளை விடவில்லை. ஒருநாள் அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு விழுந்தாள். எழுந்தபோது சபரிராஜன் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல முயன்றது அன்றுதான், அதுவும் வார்த்தையாக வரவில்லை.

மறுபடியும் பத்மநாபசாமி. அடுக்ககத்தில் அவள் பக்தி பற்றிப் பேச்சு எழுந்தது.

இத்தனை விதக் கருவி வந்த பிறகும் கத்தி கத்திதான். நெஞ்செலும்பைத் திறந்து, இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, ரத்தத்தை ஒரு இயந்திரத்தில் ஓடவிட்டு, பெரிய குழாய் வழியாக உள்ளே போய், புடைத்த சதையைச் சீவி எடுக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார்.

"மொத்தமாச் சீவிர வேண்டியதான டாக்டர்?"

"கூடப் போனா சுவத்துல ஓட்டை. கொறஞ்சா பிரயோசனம் இல்ல. அந்த அளவுதான் எங்க படிப்பு."

"எவ்வளவு வரும்?"

"பாதி முந்திரிக்கொத்து."

வாளி நிறையப் பொரித்துக்கொண்டு போனது ரோஷிணிக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பையன் அதில் ஒன்றைக்கூட எடுத்துத் தின்றதாக ஞாபகம் இல்லை. அவன் முழங்காலில் கைவைத்து, மர நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் அவள் முதலில் கவனித்தது வலியை அல்ல, நெஞ்சுக்குள் இருந்த அமைதியை. இத்தனை வருஷமாகப் பக்கத்து வீட்டில் யாரோ மாவரைத்துக்கொண்டே இருந்து, திடீரென்று நிறுத்தின மாதிரி இருந்தது.

தனி அறைக்கு மாற்றின பிறகு டாக்டர், ஆதிரையையும் பார்த்துவிடலாம், ஒரு நாள் வேலைதான் என்றார். ரோஷிணி தைக்கு அப்புறம் பார்க்கலாம் என்றாள். டாக்டர், தைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். சம்பந்தம் தூத்துக்குடியில் இருந்தது.

ஆதிரை கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நிறைமதியும் அவளும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

"நிறை எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாம்மா. நான் கேட்டு, வற்புறுத்தி வாங்கினேன். அவ மேல கோவப்படாத."

ரோஷிணி கண்ணை மூடிக்கொண்டாள். நோயாளிக்கு அந்த ஒரு வசதி உண்டு.

"நான் டெஸ்டுக்குப் போறேன்" என்றாள் ஆதிரை. "ஆனா மொதல்ல நீ அந்தப் பரிதி பேர நேர் பண்ணு. அன்னைக்கே வந்து இதே கட்டில்ல படுக்கேன்."

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? நான் வாயத் தொறந்தா ஒங் கல்யாணம் என்ன ஆவும்?"

"நின்னா நிக்கட்டும். திண்டு விசயத்தச் சொன்னா நின்னு போற கல்யாணம் எனக்கு எதுக்கு?"

"ஏட்டி, ஒனக்கும் இருந்துச்சுன்னா? தெரியாம வச்சுக்கிட்டு ஒருநாள் நீ..."

"அதத்தான் நானும் சொல்லுதேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. சீக்கிரம் சொல்லு." ஆதிரை ஒரு சுளையை நார் எடுத்துத் தாயின் வாயில் வைத்தாள். அந்த வாய்க்கு அதுவரை அவ்வளவு பெரிய வேலை யாரும் கொடுத்ததில்லை.

ரோஷிணி ஊருக்குத் திரும்பினாள். கழுத்து ஏறின ரவிக்கைகளாகத் தைத்துக்கொண்டாள். கட்டடத்துக்குப் பத்மநாபசாமி பிரசாதம் கொடுத்தாள். உடம்பு தேறத் தேற, மகள் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். அவள் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டுத் தேய்ந்து மறைகிறவரை ரோஷிணி பால்கனிக் கம்பியை விடுவதில்லை. படியில் விழுவாளோ, சாலையில் விழுவாளோ. இதுவரை பிறர் வீட்டுப் பயத்தை ஏலம் போட்டவளுக்குச் சொந்தமாக ஒன்று வந்திருந்தது.

முதலில் சுலப வழியைப் பார்த்தாள். வாசலில் காய்கறி வாங்கும்போது பொதுவாக, "பாவம் அந்தப் பரிதிக்கு ஒண்ணும் இல்லையாம், நல்ல பையன்" என்று சொல்லிப் பார்த்தாள். ஹாசினி கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்தபடி, "சாமி கும்பிட்டுட்டு வந்து மனசு எளகிட்டியளோ மைனி" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. ஒருவனைப் பற்றி நல்லது சொன்னால் அதை இன்னொரு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக அந்தக் கட்டடத்தில் யாருக்கும் முதுகு கிடையாது.

பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு மோனிஷா வீட்டுக்கே போனாள். அதே கூடம், அதே ஒற்றை சோபா. திண்டு மட்டும் தரகரோடு வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. உட்காராமலே சொன்னாள். அன்றைக்கு அதில் உட்கார்ந்தது பரிதி இல்லை, நான்தான், வியாதி எனக்குத்தான்.

மோனிஷா ஒற்றை சோபாவின் உறையைக் கையால் தட்டிச் சமன் செய்தாள். அதை நம்பினால், நல்ல மாப்பிள்ளையைத் தன் கையாலேயே விரட்டின பைத்தியக்காரி தான்தான் என்றும் நம்ப வேண்டும். அவ்வளவு செலவு பண்ண அவள் தயாராக இல்லை.

"அந்தப் பய வீட்டுலருந்து யாரும் வந்து அழுதாவளா மைனி?" என்றாள் இரக்கத்தோடு. "ஒங்களுக்கு வியாதியா? நாலு மாடி ஏறி எறங்குதிய. இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு இழுத்து விட்டுக்கிடுதிய. எம்புள்ள வேற அந்தக் குளத்துல போயி நீச்சல் படிக்கேங்கா. நீங்க அவகிட்டச் சொல்லி நிறுத்துங்க."

நீச்சல் விஷயம் ரோஷிணிக்குப் புதிது. பரிதியிடம் இப்போது படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றும், அதில் கல்யாண வயசில் ஒருத்தி உண்டு என்றும் அவளுக்கு யாருமே சொல்லவில்லை. இவ்வளவு பெரிய செய்தி தன்னைத் தாண்டி எப்படிப் போனது என்று யோசித்துக்கொண்டே, எதையோ வாங்க மறந்தவள் போலக் கையிலிருந்த பையோடு கீழே இறங்கினாள். திரும்பி ஏறத் தொடங்கினாள்.

முதல் மாடி, இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி. நாலாவது மாடியில் தன் வீட்டுக் கதவின் முன்னால் வந்து நின்றபோதுதான் தெரிந்தது, எங்கேயும் நிற்கவில்லை. மூச்சு சாதாரணமாக இருந்தது. கதவுகள் ஒன்றும் திறக்கவில்லை. யாரும் யாரையும் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஊர் திரும்பிய நாளிலிருந்து செய்தி ஏன் தன்னிடம் வரவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. படியில் நிற்பது தன்னுடைய ஆர்வம் என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பாதி முந்திரிக்கொத்துச் சதை அவளை அங்கே நிறுத்தி வைத்துப் பேச வைத்திருக்கிறது.

உள்ளே ஆதிரை குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு நடுவில் நின்றது. ரோஷிணி கதவில் கையை வைத்தபடி உறைந்து நின்றாள். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

ரோஷிணி திரும்பி இறங்கினாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பையைக் கீழே வைத்தாள். பை காலிதான், ஆனாலும் வைத்தாள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, குனிந்து, பழைய மாதிரி மேல்மூச்சு வாங்கினாள். வராத மூச்சை வரவழைப்பது வந்த மூச்சை அடக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கொஞ்சம் சத்தமாகவே வாங்கினாள்.

ஹாசினி வீட்டுக் கதவு திறந்தது. எதிர் வீட்டுக் கதவும் ஒரு விரற்கடை விலகியது.

"என்ன மைனி, காத்து வாங்குதியளா? ரொம்ப நாளா ஆளையே காணும்."

ரோஷிணி மேலேயும் கீழேயும் பார்த்தாள். கழுத்து ஏறின ரவிக்கையின் முதல் கொக்கியை அவிழ்த்து, புதுத் தழும்பின் நுனி தெரியும்படி சேலைத் தலைப்பைச் சற்றே நகர்த்தினாள். ஹாசினியின் கண் அங்கே போய் நின்றது. எதிர் வீட்டுக் கதவு முழுசாகத் திறந்துகொண்டது.

"அந்தத் திண்டுல அன்னைக்கு உக்காந்தது யாருன்னு ஒரு விசயம் கேள்விப்பட்டேன்" என்றாள் ரோஷிணி குரலைத் தாழ்த்தி. "என் வாயால வந்துச்சுன்னு சொல்லிராத."